தராசுக்குத் தெரியாத பட்டினி

ஆண்டுக்கு இரண்டு முறை நம் மலேசியப் பிள்ளைகள் பள்ளியில் எடை பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். செகாக் எனப்படும் உடல் தகுதிச் சோதனை அது. நான்காம் ஆண்டில் தொடங்கி ஐந்தாம் படிவம் வரை தொடர்கிறது. பலகையில் ஏறி இறங்க வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும், உட்கார்ந்து கால் விரலைத் தொட வேண்டும். இதற்கெல்லாம் பெண் பிள்ளைகள் அஞ்சுவதில்லை. எடை பார்க்கும் நேரம் வந்தால்தான் மெல்ல வரிசையின் கடைசிக்கு நழுவுகிறார்கள். காலணியைக் கழற்றுகிறார்கள். சட்டைப்பையில் கிடக்கும் சில்லறையைக்கூடத் தோழியிடம் கொடுத்துவிட்டுத்தான் தராசில் ஏறுகிறார்கள். காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறவர்கள் உண்டு. ஒருவர் எண்ணை வாசிக்க, இன்னொருவர் எழுதிக்கொள்ளும் இடத்தில் அந்த எண் வகுப்பு முழுவதற்கும் கேட்டுவிடுகிறது. ஓய்வு மணி அடிப்பதற்குள் அதுவே பட்டப்பெயராகிறது. மலாயில் 'கெமோக்', தமிழில் 'குண்டம்மா'.

பிள்ளைகளின் உடல்நலம் கருதித்தான் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பதின்ம வயதுப் பெண் ஒருத்தி அன்று இரவு தட்டைத் தள்ளி வைத்தால், அதை இந்தச் சோதனை காட்டாது. அடுத்த முறை அவள் எடை குறைந்திருந்தால் நல்ல முன்னேற்றம் என்றுதான் பதிவாகும். எப்படிக் குறைந்தது என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

புஞ்சாக் ஆலாம், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த பெஸ்தாரி ஜெயா. இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை தோட்டத்திலிருந்து வந்தவை. லயத்து வீட்டில் பிறந்த பாட்டிக்கு உடல் என்பது வேலைக்கான உடல். விடியுமுன் பெரட்டு எனும் வருகைக் கணக்கெடுப்புக்கு எழுந்து, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, மதியத்துக்கு மேல் வீடு திரும்பிய உடல். அதற்கும் முந்திய தலைமுறை ஜப்பான்காரன் காலத்தைக் கண்டது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அந்த வீடுகளில் ஒல்லி என்றால் நோய், பட்டினி, அல்லது துக்கம். பூசினாற்போல் இருக்கும் பெண்ணைப் பார்த்தால், சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீட்டுப் பெண் என்று சந்தோஷப்படுவார்கள்.

அந்தப் பாட்டியின் பேத்தி இன்று தரைவீட்டிலோ மலிவுவிலை அடுக்குமாடியிலோ இருக்கிறாள். பாட்டி "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்கிறாள். அத்தை "ஏற்கெனவே இந்த உடம்பு, யார் கட்டிக்குவான்?" என்கிறாள். ஒரே சாப்பாட்டு மேசையில், ஒரே நாளில் இரண்டையும் கேட்கிறாள் அந்தப் பெண். கல்யாண மண்டபத்துக்குப் போனால் நலம் விசாரிப்பதே எடையில்தான் தொடங்குகிறது. "என்னாமா, ஒரேடியா வெயிட் போட்டுட்டே?" என்பது ஒரு பக்கம். "அடடே, இளைச்சு எவ்வளவு அழகாயிட்டே! என்னா டயட் எடுக்கிறே?" என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. திட்டு வாங்கிய பெண்ணை யாராவது அணைத்துக்கொள்வார்கள். பாராட்டு வாங்கிய பெண்ணுக்கு, நிறுத்த வேண்டிய காரணமே இல்லாமல் போய்விடுகிறது.

எடையைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். இந்தியர்களிடையே அது 63.9 விழுக்காடு. அதே ஆய்வில் நீரிழிவு நாடு முழுக்க 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4. தெற்காசிய உடலில் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. அதனால்தான் நம் நாட்டு மருத்துவர்கள் பிஎம்ஐ 25 வரை காத்திருக்காமல் 23-லேயே எச்சரிக்கிறார்கள். காலை இழந்த மாமா, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகும் சித்தி இல்லாத சொந்தபந்தம் இங்கே அரிது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த நியாயமான பயத்தின் நிழலில்தான் இன்னொரு நோய் பல ஆண்டுகளாக ஒளிந்து வாழ்கிறது.

நாம் தேடும் முகம் வேறு

உணவுக் கோளாறு என்றதும் நம் கண்முன் வருவது எலும்பு துருத்திய வெள்ளைக்காரப் பெண். 1983-இல் பாடகி கேரன் கார்ப்பெண்டர் இதயம் நின்று இறந்தபோதுதான் உலகத்துக்கே அனோரெக்ஸியா என்ற பெயர் பரவலாகத் தெரிந்தது. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் அந்தப் பெயரை வைத்து அப்போதே நூறாண்டு கடந்திருந்தது. பட்டினி கிடந்து மெலிவது உணவுக் கோளாறின் ஒரு முகம் மட்டுமே.

1979-இல் ஜெரால்டு ரசல் என்ற மனநல மருத்துவர் இன்னொரு முகத்தை விவரித்தார். அடக்க முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, பிறகு குற்றவுணர்வில் வாந்தி எடுப்பது அல்லது பேதி மருந்து விழுங்குவது. புலிமியா என்று பெயர். இந்த நோயுள்ளவர்களில் பெரும்பாலோர் ஒல்லியானவர்கள் அல்லர். சராசரி எடையோ அதற்கு மேலோ இருப்பார்கள். இளவரசி டயானா 1995-இல் பிபிசி பேட்டியில் தனக்கிருந்த இந்த நோயைப் பற்றிப் பேசினார்; தினமும் படமெடுக்கப்பட்ட அந்தப் பெண்ணின் உடம்பைப் பார்த்து நோயின் ஆழத்தை யாரும் அளந்துவிட முடியவில்லை. மூன்றாவது முகம் மிகையுண்ணல். வாந்தி இல்லை, பேதி மருந்து இல்லை. ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில், பசியில்லாதபோதும், வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டுவிட்டுத் தன்னையே வெறுப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது 2013-இல்தான். எடை மிகுந்த பெண் உணவை மறுத்து வேகமாக மெலிந்தால், அவள் இன்னும் 'ஒல்லி' ஆகவில்லை என்றாலும் அதுவும் அனோரெக்ஸியாவின் ஒரு வகைதான் என்றும் அந்தச் சங்கம் அந்த ஆண்டு வெளியிட்ட கையேடு சொன்னது. எண்பது கிலோவிலிருந்து சில மாதங்களில் அறுபதுக்கு இறங்கிய பெண்ணின் நாடித் துடிப்பு, நாற்பது கிலோப் பெண்ணுடையதைப் போலவே ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கக்கூடும். முடி கொட்டும். மாதவிலக்கு நிற்கும். மண்டபத்திலோ பாராட்டு மழை பொழிந்துகொண்டிருக்கும்.

நம் ஆசியப் பெண்கள் இந்த நோயைச் சொல்லும் விதமும் வேறு. 1990-களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அவரிடம் வந்த நோயாளிகளில் பலர் 'குண்டாகிவிடுவேனோ' என்று பயப்படவில்லை. வயிறு உப்புசமாக இருக்கிறது, பசியே இல்லை, சாப்பிட்டால் நெஞ்சில் நிற்கிறது என்றார்கள். உடலோ உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இளைத்திருந்தது. 1995-இல் டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் விவரித்த ஐந்து பெண்களும் ஏறக்குறைய அப்படித்தான்: உணவு மறுப்பு, வாந்தி, எடை இழப்பு, மாதவிலக்கு நிற்றல்; தன் உடல் குண்டு என்ற எண்ணம் மட்டும் இல்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் குழந்தைகள், பதின்ம வயதினரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டபோது, உணவுக் கோளாறு என்று கண்ட 41 பேரில் பெரும்பான்மையோர் மனக்காரணத்தால் வாந்தி எடுத்தவர்கள்.

இதைப் படிக்கும்போது நம் வட்டாரத்துக் கிளினிக்குகள்தாம் எனக்கு நினைவுக்கு வருகின்றன. "டாக்டர், இவளுக்கு எப்பப் பார்த்தாலும் கேஸ்ட்ரிக்." ஒரு வெள்ளை மருந்துப் புட்டி, இரண்டு நாள் எம்சி எனும் மருத்துவ விடுப்பு, வீட்டுக்குத் திரும்புதல். அடுத்த மாதம் அதே வரிசை. 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மலேசிய மனநல மருத்துவர்களிடம் கேட்டறிந்து, அனோரெக்ஸியா இந்த நாட்டில் மிக அரிது என்று சொன்னது. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பெண் மனநல மருத்துவரிடமா போனாள்? தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரிடம் போனாள்; இல்லையென்றால் விபூதி போட்டுக்கொள்ளக் கோயிலுக்குப் போனாள். எண்ணியவர்கள் கண்ணில் அவள் படவே இல்லை.

சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை

இரவில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து நின்றபடியே சாப்பிடும் பெண்ணை நாம் என்னவென்று சொல்கிறோம்? வாய்க்கட்டுப்பாடு இல்லாதவள். இந்தச் சொல் எவ்வளவு அநியாயம் என்று தெரிந்துகொள்ள, போர்க்காலத்து அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரால் பட்டினியில் கிடந்த ஐரோப்பியர்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்று அறிவதே நோக்கம். மனச்சான்றின்படி போரிட மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் நாளுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி கொடுத்து, வாரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் நடக்க வைத்தார்கள். உடல் எடையில் கால்பங்கு குறைந்தது. அதைவிடப் பெரிது, அவர்கள் மனத்துக்கு நேர்ந்தது. அரசியல் பேசியவர்கள் சாப்பாட்டைத் தவிர எதையும் பேசாமல் போனார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள், தட்டை நக்கினார்கள். எரிச்சல், அழுகை, தனிமை. சோதனை முடிந்து தாராளமாக உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டவர்கள் பலர்.

திடமான ஆண்கள் அவர்கள். யாரும் அவர்களைக் குண்டு என்று கேலி செய்யவில்லை. ஆனாலும் பட்டினி போட்ட உடல் அப்படித்தான் நடந்துகொண்டது. இன்று வாட்சப்பில் சுற்றும் டயட் அட்டவணைகளில் பல, அந்தச் சோதனையில் கொடுத்த அளவைவிடக் குறைவானவை. காலையில் ஒன்றுமில்லை, மதியம் இரண்டு பிஸ்கட், மாலைவரை ஓட்டம், இரவு பத்து மணிக்குத் தாங்க முடியாமல் மூன்று பாக்கெட் மேகி. அப்படிச் சாப்பிடும் பெண்ணின் மனவுறுதியில் குறை காண ஒன்றுமில்லை. அவள் உடல் உயிர் பிழைக்கப் போராடுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பதின்ம வயதினரைத் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியான ஆய்வில், கடுமையாக டயட் இருந்த பெண்களுக்கு உணவுக் கோளாறு வரும் வாய்ப்பு, டயட் இராதவர்களைவிடப் பதினெட்டு மடங்கு. மிதமாக இருந்தவர்களுக்கே ஐந்து மடங்கு.

ஏன் இந்த வயதில் இவ்வளவு பெண்கள் டயட்டில் விழுகிறார்கள் என்றால், பிஜித் தீவின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். நத்ரோகா என்ற வட்டாரத்துக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. நன்றாகச் சாப்பிட்டு வாட்டசாட்டமாக இருப்பதே அழகு என்றிருந்த மக்கள். தொலைக்காட்சி வந்த புதிதில் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடையைக் குறைக்க வாந்தி எடுத்ததாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-இல் மீண்டும் கேட்டார். 11.3 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். மூன்றே ஆண்டுகள்.

நமக்கு அந்த மாற்றம் திரைப்படத்தின் வழியே மெல்ல மெல்ல வந்தது. 1990-களில் திருச்சியில் குஷ்புவுக்குக் கோயில் கட்டினார்கள் ரசிகர்கள். புசுபுசுவென்ற இட்லிக்கு அவர் பெயரை வைத்தார்கள். பிறகு நாயகியின் இடுப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. பருமனான பெண் நகைச்சுவைக் காட்சிக்கு மட்டுமே அழைக்கப்பட்டாள். 2015-இல் அனுஷ்கா உடல் பருத்து நடித்த 'இஞ்சி இடுப்பழகி' எடை குறைப்பு வியாபாரத்தை எதிர்த்துக் கேட்டது. அதைப் போல இன்னும் பத்துப் படம் வந்திருக்க வேண்டும். இப்போது கைப்பேசி. நாயகியோடு ஒப்பிட்டுக்கொண்ட பெண் இன்று பக்கத்து வகுப்புத் தோழியோடு, அவளும் ஃபில்டர் போட்டுச் செதுக்கிய முகத்தோடு, ஒப்பிட்டுக்கொள்கிறாள். புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலேசிய மாணவர்களை வைத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வும், சுற்றியிருப்பவர்களும் ஊடகமும் தரும் அழுத்தம் மன உளைச்சலாகி, அந்த உளைச்சல் உண்ணும் முறையைக் கெடுக்கிறது என்றே காட்டியது.

அந்த உளைச்சலில் காசு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 'கோப்பி கூருஸ்' என்று மெலிய வைக்கும் காப்பி, டீடாக்ஸ் பானம், மூலிகை மாத்திரை. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் கிடைக்கிறது. அதைவிட அதிகமாகத் தெரிந்த அக்காவின் வாட்சப் ஸ்டேட்டஸில் கிடைக்கிறது. இப்படிப்பட்ட பொருள்களில் சிபுட்ராமின் கலந்திருப்பதை நம் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்பதால் 2010-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. டீடாக்ஸ் பானங்களில் பல வெறும் பேதி மருந்து. கழிவறையில் போவது நீரும் உப்பும் பொட்டாசியமும்தான். கொழுப்பு அங்கேயேதான் இருக்கும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்தின் தாளம் தப்பும். வாந்தியும் அதையே செய்யும். கூடவே முன்பற்களின் உட்புறத்தை அமிலம் அரிக்கும். சில நேரம் முதலில் கண்டுபிடிப்பவர் பல் மருத்துவர்தான். பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எந்த மாத்திரையையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

யாரும் பார்க்காத மேசை

தோட்டத்தில் வீடுகள் நெருக்கம். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று லயமே அறியும். இன்று அம்மாவுக்குத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அப்பாவுக்கு லாரி, அல்லது பாதுகாவலர் வேலை. பள்ளி விட்டு வரும் பெண்ணுக்காக மேசையில் மூடி வைத்த சோறு. அவள் சாப்பிட்டாளா, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போட்டாளா, அண்ணன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. மின்னசோட்டாவில் பல ஆண்டுகள் நடந்த இன்னொரு ஆய்வில் டயான் நியூமார்க்-ஸ்டெயினர் குழுவினர், குடும்பத்தோடு அடிக்கடி சேர்ந்து சாப்பிடும் பெண்களிடம் வாந்தி, மாத்திரை போன்ற வழிகள் குறைவு என்று கண்டார்கள். ஷிப்ட் வேலை செய்யும் தாயைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. வாரத்தில் கிடைக்கும் இரண்டு மூன்று வேளையாவது கைப்பேசியும் எடைப் பேச்சும் இல்லாமல் சேர்ந்து உட்கார முடிந்தால், அதுவே மருந்தின் ஒரு பகுதி.

விரதத்தையும் பேச வேண்டும். தைப்பூசத்துக்கு நோன்பிருக்கும் பெண்களை நான் மதிக்கிறேன். அந்த விரதத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, பத்துமலையில் காணிக்கை செலுத்திவிட்டு வந்து குடும்பத்தோடு சாப்பிடும் வேளை உண்டு. தாய்மார் கவனிக்க வேண்டியது முடியாத விரதத்தை. தைப்பூசம் போய் இரண்டு மாதம் ஆகியும் ஒரு வேளைதான். வெள்ளி, செவ்வாய், சனி என்று நாள்கள் கூடிக்கொண்டே போகின்றன. நோன்பு மாதத்தில் மலாய்த் தோழிகளோடு நானும் என்கிறாள் மகள். பக்தியின் பேரால் வருவதை யாரும் தடுக்கத் துணிவதில்லை. அதனாலேயே அது நல்ல மறைவிடம்.

சந்தேகம் வந்தால் எப்படிக் கேட்பது? லண்டனில் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஒரு வினாத்தொகுப்பு குடும்ப மருத்துவர்களிடையே இன்றும் புழங்குகிறது. அதன் சாரம் இது: வயிறு நிறைந்துவிட்டதென்று நீயே வாந்தி எடுக்கிறாயா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போய்விட்டதென்று கவலைப்படுகிறாயா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா? மற்றவர்கள் ஒல்லி என்றாலும் நீ குண்டு என்று தோன்றுகிறதா? சாப்பாட்டு நினைப்பே உன்னை ஆட்டிப்படைக்கிறதா? இரண்டுக்கு ஆம் என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். திட்டும் குரலில் கேட்டால் ஐந்துக்கும் இல்லை என்றுதான் பதில் வரும். துணி மடிக்கும்போதோ, காரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதோ, முகத்தை உற்றுப் பார்க்காமல் கேட்டால் பேசுவாள்.

தாய் தந்தையைக் கூட்டாளியாக்கும் சிகிச்சைதான் பதின்ம வயது அனோரெக்ஸியாவுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. 1980-களில் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. நோய்க்குக் காரணம் யார் என்று தேடாமல், மீண்டும் உணவூட்டும் பொறுப்பைச் சிறிது காலத்துக்குப் பெற்றோர் கையில் கொடுக்கிறார்கள். கூட்டாகச் சாப்பிட்டுப் பழகிய நம் குடும்பங்களுக்கு இது அந்நியமே இல்லை. புலிமியாவுக்கும் மிகையுண்ணலுக்கும் பேச்சு வழியான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை கைகொடுக்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

ஓர் எச்சரிக்கை மட்டும். பல வாரம் சாப்பிடாமல் மிகவும் இளைத்த பெண் ஒரு நாள் "பசிக்குதும்மா" என்றால், எந்தத் தாயும் இருப்பதையெல்லாம் ஊட்டிவிடத்தான் துடிப்பாள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று உணவு சேரும்போது இரத்தத்திலுள்ள பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுவிடக்கூடும். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்த போர்க்கைதிகள் மீண்டும் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவ உலகம் இதைப் பதிவு செய்தது. ஆகவே முதலில் மருத்துவர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு.

அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து சுங்கை பூலோ மருத்துவமனைக்கோ, புஞ்சாக் ஆலாமிலேயே இருக்கும் யுஐடிஎம் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ கடிதம் கேட்கலாம். கேஸ்ட்ரிக் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மாதமாக விலக்கு வரவில்லை, எத்தனை கிலோ எத்தனை வாரத்தில் குறைந்தது, சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போகிறாளா, என்ன மாத்திரை வாங்கியிருக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்; அந்த மாத்திரைப் பெட்டியையும் கொண்டுபோங்கள். படுத்தும் நின்றும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இசிஜி, இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நேரில் போகத் தயங்கும் பெண் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555-க்கு அழைக்கலாம். நள்ளிரவிலும் பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-76272929 இருக்கிறது. மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.